இரண்டு பாஷையில் ஒரு அவசரம்

எங்கள் போர்டிங்கில் யாருக்கும் பெயர் கிடையாது. இருந்தது, ஆனால் உபயோகத்தில் இல்லை. ஒரே பெயரில் நாலைந்து பேர் இருந்ததால், கூப்பிட்டால் எல்லாரும் திரும்புகிறார்கள் என்று எந்தக் காலத்திலோ யாரோ ஊரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. நான் பங்காருபாளையம். எனக்கு இடப்பக்கம் பாய் போடுகிறவள் நகரி. கிணற்றடியில் என் வாளியைத் தன்னுடையது என்று சாதித்து எடுத்துப் போகிறவள் திருத்தணி. நான் சொல்ல வந்திருப்பவள் நாகலாபுரம்.

சித்தூரில் மிஷன்காரர்கள் எப்போதோ கட்டிய பெண்கள் பள்ளிக்கூடம் அது. ஆந்திரா தனி ராஜ்ஜியமாகப் பிரிந்து, எந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்ற பேச்சு ஓயாமல் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். பெரியவர்கள் கடைத்தெருவில் நின்று அதற்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். எங்களுக்கு அது சாப்பாட்டு நேரத்து விளையாட்டு. திருத்தணி மதராசுக்குப் போய்விடும், நாகலாபுரம் இங்கேயே நின்றுவிடும் என்று பேச்சு வந்த அன்று, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த இருவரின் தட்டுகளுக்கு நடுவே நகரி சாம்பாரால் ஒரு கோடு போட்டாள். இந்தப் பக்கம் கை நீட்டாதே, இது வேறு ராஜ்ஜியம் என்றாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் சமையற்கார அம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், சென்ற மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டதுதான். 'வளரிளம் பெண்களின் ஆளுமை வளர்ச்சி' என்று தலைப்புக் கொடுத்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆளுமை என்ன முருங்கைக் கிளையா, ஒடித்து நட்டுத் தண்ணீர் ஊற்றினால் துளிர்க்க? மேடையில் ஏதோ உளறிவிட்டு இறங்கினேன். அந்தப் பெண்கள் பாவம், மரியாதைக்குக் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான், ஆளுமை துளிர்க்கிற அந்தக் காரியம் நடந்ததை ஒரே ஒரு முறை என் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் பிரமிப்பு எனக்கு அடங்கவில்லை.

நாகலாபுரம் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது அவளுக்கு. எங்கள் நாலாம் பாரத்திலேயே, அதாவது ஒன்பதாம் வகுப்பிலேயே, நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்தவள் அவள்தான். இரட்டைப் பின்னலில் ஒரு மயிர் கலைந்திருக்காது. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்றால், பசியோடு இருந்தாலும், அவசரம் இல்லை என்பாள்.

அந்த 'அவசரம் இல்லை' அவள் ஒருத்தியின் சொல் அல்ல. எங்கள் எல்லாரையும் வளர்த்ததே அந்தச் சொல்லில்தான். புதுப் பாவாடை வேண்டுமா என்று கேட்டால் அவசரம் இல்லை. காய்ச்சலாக இருக்கிறதே, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்றால் அவசரம் இல்லை. எதையும் கேட்காத பெண் நல்ல பெண். அவள் கல்யாணத்துக்கு மட்டும் ஊரே அவசரப்படும்.

தமிழில் பாடம் படித்த எங்கள் தமிழ் செக்ஷனுக்கு மட்டும் வகுப்பறை கிடையாது. சமையற்கட்டை ஒட்டிய தாழ்வாரத்தில் உட்கார்ந்து படித்தோம். ஈர விறகு வைத்த நாளில் சரித்திரப் பாடம் பூராவும் கண்ணீரோடுதான் நடக்கும். மாசி கழிந்து வெயில் ஏறிய சமயத்தில், கல்வி இலாகாவிலிருந்து ஓர் அதிகாரியம்மா பார்வையிட வருகிறார் என்று செய்தி வந்தது. எங்களுக்குத் தனி அறை கட்டித் தருவதைப் பற்றி விசாரிக்கத்தான் வருகிறார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பெரிய டீச்சரம்மா, அதாவது எங்கள் தலைமை ஆசிரியை, எங்களை வரிசையாக நிறுத்திப் பாடம் எடுத்தார். அறை வேண்டுமா என்று கேட்டால் ஆலாய்ப் பறக்கக் கூடாது, அவசரம் இல்லை என்று அடக்கமாகச் சொல்ல வேண்டும், பார்த்துச் செய்வார்கள் என்றார். அடக்கத்துக்கு மாதிரியாக நாகலாபுரத்தை முன்வரிசையில் நிறுத்தினார்.

அதிகாரியம்மா சமுத்திரக் கரைப் பக்கத்துக்காரர். தெலுங்கும் இங்கிலீஷும் தவிர வேறு பாஷை தெரியாது. வெள்ளைக் கதர்ப் புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம். தாழ்வாரத்தை ஒரு முறை நடந்து பார்த்தார். புகைக்கு இருமினார். முன்னால் நின்றவளிடம் கேட்டார்:

"மீக்கு அரவ செக்ஷன் அவசரமா?"

அரவம் என்றால் தமிழ். தெலுங்குக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள், நாங்களும் அப்படியே சொல்லிக்கொள்வோம். நாகலாபுரம் தலையைக் குனிந்து, பெரிய டீச்சரம்மா சொல்லிக் கொடுத்தபடியே, அழகாகச் சொன்னாள்:

"அவசரம் லேதண்டி."

நாங்களும் பின்னால் நின்று தலையை ஆட்டினோம். அதிகாரியம்மா முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பெரிய டீச்சரம்மா முகத்தில் ரத்தம் சுண்டிவிட்டது.

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. உங்களுக்குத் தமிழ் செக்ஷன் தேவையா என்று அந்த அம்மா கேட்டார். தேவையில்லை என்று எங்கள் வாயாலேயே சொல்லிவிட்டோம். எங்களுக்குத் தெலுங்கு தெரியாது என்றும் சொல்ல முடியாது. சந்தையில் புளி வாங்கவும் பஸ்ஸில் சண்டை போடவும் தாராளமாக வரும். ஆனால் எங்கள் பேச்சே தலை தமிழ், வால் தெலுங்கு என்று ஓடுகிற பேச்சு. அவள் தமிழ் அவசரத்துக்குத் தெலுங்கு வாலை ஒட்டினாள். எங்கள் பக்கத்துப் பெண்ணைத் தவிர வேறு யாராலும் அப்படி ஒரு தப்பைச் செய்ய முடியாது.

மாலையில் பெரிய டீச்சரம்மா சொன்னார்: பெண்களே வேண்டாம் என்கிறார்களாம், ஆகையால் ஜூனிலிருந்து ஐந்தாம் பாரமும் ஆறாம் பாரமும் தெலுங்கில் மட்டும். போய் விளக்கிச் சொல்லலாமே என்று ஒரு டீச்சர் இழுத்தார். அதிகாரி கேட்டு, பதிலும் வாங்கிக்கொண்டு போனதை யார் போய்த் திருத்துவது என்று பெரிய டீச்சரம்மா அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட்டார்.

எங்களில் இரண்டு மூன்று பேர் தெலுங்கு எழுத்துக் கற்றுக்கொண்டு சமாளித்திருப்போம். நாகலாபுரத்தின் கதை வேறு. தமிழில் எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கும் வரை படிக்கட்டும் என்றுதான் அவளுடைய நைனா, அதாவது அப்பா, விட்டுவைத்திருந்தார். சத்தியவேட்டில் மாமன் மகன் காத்திருந்தான். செக்ஷன் போனால் படிப்பு போயிற்று, வைகாசியில் கல்யாணம். யாருக்கும் இதில் சந்தேகம் இருக்கவில்லை.

அன்று இரவு எல்லாரும் அவளைத் திட்டினோம், நானும்தான். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தோம். அழவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான்தான சொன்னேன். நான்தான் போயி மாத்தணும்" என்றாள்.

நகரி சிரித்தாள். எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை, இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்தேன்.

பரீட்சை முடிந்து லீவு விட்டார்கள். அவளை அழைத்துப் போக அவளுடைய நைனா வந்தார். உயரமான மனிதர், வேர்க்கடலை போடுகிற குடியானவர், மாடு பிடிக்க மதனப்பள்ளி வரைக்கும் போய் வந்து தெலுங்கு பழகியவர். அவளை யார் எது கேட்டாலும் அவர்தான் பதில் சொல்வார். பேர் என்னம்மா என்று கேட்டால்கூட அவர்தான் சொல்வார். மகள் மேல் உள்ள பிரியம்தான் அது, வேறொன்றும் இல்லை. திருப்பதி ஆஸ்பத்திரியில் என் அத்தை நர்ஸாக இருந்தார். லீவுக்கு நான் அவரிடம் போவதால், போகிற வழியில் என்னைக் கொண்டுபோய் விடும்படி பெரிய டீச்சரம்மா நைனாவிடமே ஒப்படைத்தார். டிரங்குப் பெட்டிகளோடு மூன்று பேரும் ரயில் ஏறினோம்.

பாகாலா ஜங்ஷனில் வண்டி வெகுநேரம் நின்றது. மொட்டை போட முடி வளர்த்த தலைகளும் கோவிந்தா கோஷமுமாகப் பெட்டி நிரம்பியது. நைனா எங்களுக்கு வறுத்த கடலை வாங்கித் தந்தார், நம்ம ஊர்க் கடலைக்கு இது உறை போடக் காணாது என்று குறையும் சொன்னார். அப்போதுதான் அவள், கடலைத் தோலை ஊதிக்கொண்டே, நைனா, திருப்பதியில் ஓர் ஆளைப் பார்க்க வேண்டும் என்றாள். சாமியையா என்று கேட்டார் அவர். அதிகாரியம்மாவை, அவர் ஆபீஸ் அங்கேதானாம் என்றாள் அவள்.

நடந்ததை அவள் முழுக்கச் சொன்னாள். வண்டி நகர்ந்து, அடுத்த ஸ்டேஷனும் கடந்தது. வெளியே மாந்தோப்புகள் ஓடின. எனக்கு எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. கடைசியில் அவர் கேட்டார்:

"நான் போயி இன்னா சொல்லணும்?"

"நீ ஒண்ணியும் சொல்லாத, நைனா. கூட வந்து நின்னா போதும்."

மகள் தன்னை அப்படி நிறுத்தியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவர் மீதிக் கடலையைத் துண்டில் முடிந்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தையின் குவார்ட்டர்ஸில் நானும் அவளும் படுத்தோம், நைனா சத்திரத்தில் தங்கினார். மறுநாள் காலை அத்தையிடம் வழி கேட்டுக்கொண்டு போனோம். நான் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவப் பெண்; அவர்கள் இருவரும்கூடத் திருப்பதிக்கு வந்து மலைப் பக்கம் திரும்பாமல் ஓர் ஆபீஸைத் தேடி அலைந்ததை அத்தை வெகுகாலம் சொல்லிச் சிரித்தார். தேர் நிற்கிற தெருவுக்குப் பின்னால், ஒரு வாடகை வீட்டில் அந்த ஆபீஸ் இருந்தது. வாசலில் டவாலி போட்ட சேவகன். நைனாவைத்தான் அவன் பார்த்தான், அவருக்குத்தான் வழி விட்டான், நாங்கள் பின்னால் நுழைந்தோம்.

அதிகாரியம்மா எதையோ எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து நைனாவைப் பார்த்து, ஏமி காவாலி, என்ன வேண்டும், என்று கேட்டார்.

நைனா வாயைத் திறந்தார். பழக்கம்தான் அது. பதினைந்து வருஷமாக அந்தப் பெண்ணுக்காகத் திறந்த வாய். சந்தையில் பத்து பேருக்கு நடுவில் குரலை உயர்த்தி மாட்டு விலை பேசுகிறவருக்கு இது ஒரு பொருட்டா? ஆனால் அவர் திறந்த வாயை மூடினார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மகளைப் பார்த்தார்.

"ஆ பில்லனே அடகண்டி" என்றார்.

அந்தப் பெண்ணையே கேளுங்கள். அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து சுவரோடு நின்றார். என் தகப்பன் அப்படி ஓரடி பின்னால் நகர்ந்து நான் பார்த்ததில்லை. யாருடைய தகப்பனும் நகர்ந்து பார்த்ததில்லை.

நாகலாபுரம் முன்னால் வந்தாள். அவள் பாவாடையைப் பிடித்திருந்த இடம் கசங்கி ஈரமாகிவிட்டது. குரல் மட்டும் நடுங்கவில்லை. தான் எந்தப் பள்ளிக்கூடம், அன்று அவர் என்ன கேட்டார், தான் என்ன சொன்னாள் என்பதைத் தெலுங்கில், அவள் தெலுங்கில், சொன்னாள். நடுநடுவே தமிழ் வந்து விழுந்தது. விழுந்த இடத்தில் அவள் நிறுத்தி, சரியான சொல்லைத் தேடி எடுத்து வைத்துவிட்டு மேலே போனாள். அதிகாரியம்மா புருவத்தைச் சுருக்கினார். எல்லார் முன்னாலும் அவசரம் இல்லை என்றாயே, இப்போது யார் சொல்லிக் கொடுத்து மாற்றிப் பேசுகிறாய் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சொன்னாள்:

"தெலுகுலோ அவசரம் உந்தி. அரவம்லோ அவசரம் லேது."

தெலுங்கில் அவசரம் இருக்கிறது, தமிழில் அவசரம் இல்லை. ஒரே சொல்லை இரண்டு கையிலும் ஏந்திக் காட்டிவிட்டாள். அதிகாரியம்மாவுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. நைனாவிடம் திரும்பி, அரவத்தில் அவசரம் என்றால் என்ன என்று விசாரித்தார். தொந்தர, அதாவது சீக்கிரம் வேண்டுமென்ற பரபரப்பு, என்று அவர் தெலுங்கில் பொருள் சொன்னார். அந்த அம்மாவின் கையிலிருந்த பேனா மேஜைக்கு இறங்கியது. மெதுவாகச் சிரிப்பு வந்தது. அந்த முகத்துக்குச் சிரிக்க வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அப்படியானால் மற்றப் பெண்களுக்கும் செக்ஷன் தேவைதானே என்று அவர் கேட்டார். ஆம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன், கூடவே கும்பிடும் போட்டிருப்பேன். நாகலாபுரம் மாட்டேன் என்றாள். போன தடவை எல்லாருக்கும் சேர்த்து நான் சொன்னதால்தான் கெட்டது, எனக்குத் தேவை, மற்றவர்களை நீங்கள் அவர்களையே கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள். எங்கிருந்து வந்தது அவளுக்கு அது? அவளுக்கு எந்தப் புத்தகமும் எந்த மேடையும் அதைச் சொல்லித் தரவில்லை. தன் வாயிலிருந்து தவறிப் போன ஒரு சொல்லைத் திரும்ப எடுக்க வந்தவள், அதோடு சேர்த்துத் தன்னையே எடுத்துக்கொண்டுவிட்டாள்.

அதிகாரியம்மாவின் கண் என் பக்கம் திரும்பியது. உனக்கு, என்று கேட்டார்.

அதுவரை என்னை யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அவசரம்தான் என்றேன். எந்தப் பாஷையில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் இரண்டிலும் உண்மையாக இருந்தது.

ஜூனில் வந்து ஒவ்வொரு பெண்ணாகக் கேட்கிறேன், தமிழ் தெரிந்த ஒருவரையும் கூட வைத்துக்கொண்டு கேட்கிறேன் என்று அந்த அம்மா வாக்குக் கொடுத்தார். சொன்னபடியே வந்தார். அடக்கத்துக்கு யாரையும் முன்வரிசையில் நிறுத்த வேண்டாம் என்று பெரிய டீச்சரம்மாவிடமே சொல்லிவிட்டார். எங்கள் வகுப்பு படித்து முடிக்கும் வரை தமிழ் செக்ஷன் இருந்தது, புகை தின்றுகொண்டு அதே தாழ்வாரத்தில். அறை கடைசி வரை வரவில்லை. எங்களுக்குப் பிறகு அங்கே உயர் வகுப்புத் தமிழை நிறுத்திவிட்டார்கள், அது வேறு சோகம்.

ஆனால் அதெல்லாம் பின்னால். அன்று மத்தியானம் ரேணிகுண்டா வண்டிக்காக ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார்கள் அப்பனும் மகளும். அங்கே மாறிப் புத்தூரில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். வழியனுப்ப நானும் போயிருந்தேன். நைனா துண்டில் முடிந்திருந்த கடலையை அவிழ்த்து, துன்னுங்கம்மா என்று எங்கள் நடுவில் வைத்தார். தானும் ஒன்றை எடுத்தார், வாயில் போடாமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். கோபமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. வண்டி வருகிற மணி அடித்தது.

"சத்தியவேட்டுக்காரங்க நாளைக்கு வந்து குந்திக்கினு இருப்பாங்க" என்றார், தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு. "அவங்களுக்கு இன்னா சொல்றதும்மா?"

அவர் அவளிடம் கேட்கிறார் என்பதே எனக்கு உறைக்கச் சற்று நேரம் ஆயிற்று.

"அவசரம் இல்லன்னு சொல்லு, நைனா."

அவர் இப்போது திரும்பி அவளைப் பார்த்தார்.

"எந்த பாஷைல?"

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அவங்களுக்கு அரவத்துல சொல்லு. நீ தெலுகுல வச்சிக்கோ."

அவர் கடலையை வாயில் போட்டுக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டு, சரிம்மா என்றார். வண்டி வந்து நின்றதும், அவளை முதலில் ஏறச் சொல்லிவிட்டு, அவர் பின்னால் ஏறினார்.